பக்கம் ஒன்பதுக்கு மன்னிப்புக் கேட்கத் திருப்பூர் போன கதை

திருப்பூருக்குச் சுற்றிப் பார்க்க யாரும் போவதில்லை. வேலை தேடிப் போவார்கள், பனியன் மொத்தமாக எடுக்கப் போவார்கள். கடந்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமை நான் போனது, நேரில் ஒருமுறைகூடப் பார்த்திராத ஒரு பெண்ணைத் தேடி. அவர் பெயர் நாகமணி. இரண்டு வருடமாக ஞாயிறுதோறும் மாலை ஏழரைக்கு அவரும் நானும் இன்னும் ஒன்பது பேரும் ஒரு மொட்டைமாடியில் கூடுவோம். அந்த மொட்டைமாடிக்குப் போகக் கண்ணில் ஹெட்செட் மாட்டிக்கொள்ள வேண்டும். உள்ளே ஒவ்வொருவருக்கும் ஒரு பொம்மை உருவம். நாம் தலையைத் திருப்பினால் அதுவும் திருப்பும், கையை ஆட்டினால் ஆட்டும். விஆர் என்றாலே துப்பாக்கி விளையாட்டு என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். நாங்கள் அங்கே உட்கார்ந்து அரட்டை அடித்தோம், அவ்வளவுதான்.

உங்கள் குழுவும் ஒரு விஆர் தளத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறுகிறது, யாரோ ஒருவர் நடுவழியில் காணாமல் போய்விட்டார், நேரில் போய் உதவலாமா என்று யோசிக்கிறீர்கள் என்றால், படித்துவிட்டுக் கிளம்புங்கள். நான் செய்த தவறுகளில் இரண்டையாவது நீங்கள் தவிர்க்கலாம்.

என்னைப் பற்றி ஒரு வரி. திருச்சியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் இருபத்து மூன்று வருடமாக வேலை. அடுத்தவர் நரம்பில் ஊசி ஏற்ற எனக்குப் பயமில்லை. தனியாக ரயில் ஏற வேண்டும் என்றால் முந்தின நாளே டிக்கெட்டை நாலு தரம் எடுத்துப் பார்ப்பேன். மொட்டைமாடியில் எனக்குக் காவேரி அக்கா என்று பெயர்.

நாகமணி திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சாம்பிள் டெய்லர். ஆர்டர் வருமுன் மாதிரிக்கு ஒரு சட்டை தைத்துக் காட்டுவார்களே, அந்த வேலை. எட்டு வயதில் வந்த காய்ச்சலில் அவருக்குக் காது போய்விட்டது. எங்கள் பழைய தளத்தில் ஹெட்செட்டின் கேமரா பத்து விரல்களையும் அப்படியே படிக்கும். அதனால் அவர் சைகை மொழியில் பேசுவார். குழுவில் அது நன்றாகத் தெரிந்த இருவர் மற்றவர்களுக்குச் சொல்வார்கள். நாங்கள் பேசுவது சுவரில் ஒரு பலகையில் தமிழ் எழுத்தாக ஓடும். நானும் நாற்பது சைகை வரை கற்றுக்கொண்டேன். குழுவில் அதிகம் சிரிக்க வைப்பவர் அவர்தான்.

பழைய தளத்தை மூடப்போவதாக அறிவிப்பு வந்தது. எல்லோரும் போகிற பெரிய தளம் ஒன்றுக்கு நாமும் போவோம் என்று முடிவு செய்தோம். புதிதாகப் போகிறவர்களுக்கு வழிகாட்டும் பொறுப்பை நானே இழுத்துப் போட்டுக்கொண்டேன். பதினான்கு பக்கத்துக்குப் படங்களோடு ஒரு கையேடு எழுதினேன். எல்லோரும் பாராட்டினார்கள். அந்தத் தளத்தில் கைக்கருவியைப் பிடித்தே ஆக வேண்டும், விரல்கள் ஐந்தாறு விதமாக மட்டுமே மடங்கும் என்பதை நானே மூன்றாம் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். அப்படியானால் நாகமணி எப்படிப் பேசுவார் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அவர் முதலில் போனது அங்கே புதியவர்கள் கூடும் ஒரு மண்டபத்துக்கு. 'அங்கே உதவ ஆள் இருப்பார்கள், தைரியமாகப் போங்கள்' என்று அனுப்பியதே நான்தான். முன்பின் தெரியாத ஏழெட்டு உருவங்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு ஏதோ கேட்டிருக்கின்றன. இவர் கையால் பதில் சொல்லப் பார்த்திருக்கிறார். அந்தக் கருவி அவருடைய சைகையை ஓர் ஆபாசமான விரலாக மாற்றிக் காட்டிவிட்டது. அவர்கள் ஓட்டுப் போட்டு அவரை வெளியே தள்ளிவிட்டார்கள், கணக்கும் மூன்று நாளைக்கு முடக்கப்பட்டது. 'அக்கா, என்னைய வெளிய தள்ளிட்டாங்க' என்று எனக்குச் செய்தி அனுப்பினார். காலை வேளை, பரிசோதனைக்கு வரிசையில் இருபது பேர். நான் கையுறையைக் கழற்றி, 'பக்கம் 9 பாருங்க' என்று தட்டிவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டேன்.

அன்று மாலை பேருந்தில் உட்கார்ந்திருக்கும்போதுதான் பக்கம் ஒன்பதில் என்ன இருக்கிறது என்பது நினைவுக்கு வந்தது. 'மைக்கை ஆன் செய்து உங்கள் பெயரைச் சொல்லுங்கள்.'

அதற்குப் பிறகு பன்னிரண்டு நாள் அவரிடமிருந்து ஒரு சொல் வரவில்லை. செய்திகள் போய்ச் சேர்ந்தன, படித்தாரா என்று தெரியவில்லை. அழைத்துப் பேசவும் வழியில்லை. நினைக்கக் கூடாததை எல்லாம் நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமையோடு பழைய தளம் மூடுகிறது. அதன்பின் அவரைத் தற்செயலாகச் சந்திக்கக்கூட ஓரிடம் இருக்காது. ஒருமுறை அவருடைய ஹெட்செட்டுக்கு முகத்தில் படும் பஞ்சுப் பட்டை வாங்கி கூரியரில் அனுப்பியிருந்தேன். அந்த ரசீது கிடைத்தது. நல்லூர் என்று ஒரு முகவரி. வெள்ளிக்கிழமைக்கு விடுப்பு எழுதிக் கொடுத்தேன்.

திருச்சி ஜங்ஷனில் காலை 6:50-க்கு ரயில். இருக்கை வகுப்பு, 105 ரூபாய். கரூர், ஈரோடு வழியாகச் சுமார் 190 கிலோமீட்டர். ஜன்னலோரம் கிடைத்தும் வெளியே பார்க்கவில்லை. 'மன்னிப்பு', 'என் தவறு', 'யோசிக்கவில்லை' என்ற மூன்று சைகைகளை மடியில் வைத்துப் பழகிக்கொண்டே போனேன். எதிர் இருக்கைக்காரர் கரூர் வரை என் கைகளையே பார்த்துவிட்டு, அங்கே வேறு பெட்டிக்குப் போய்விட்டார். ஈரோடு தாண்டியதும் புதிய பயம் வந்தது. நான் வருவதை அவர் விரும்பாவிட்டால்? ஒருத்தர் பேச வேண்டாம் என்று இருக்கும்போது வாசலில் போய் நிற்பது உதவியா, தொந்தரவா? ஊத்துக்குளி வரை இதற்கு விடை கிடைக்கவில்லை. 10:35-க்குத் திருப்பூர், பதினைந்து நிமிடத் தாமதம்.

நிலையத்துக்கு வெளியே ஆட்டோ. நல்லூர் ஐந்து கிலோமீட்டர், 150 ரூபாய். டிரைவர் பெயர் சிவசாமி, ஐம்பது வயது இருக்கும். ரசீதைக் காட்டினேன்.

"இது ஊட்டு அட்ரஸ் இல்லீங்களே அம்மிணி, கம்பெனி அட்ரஸுங்க. இந்தப் பேர்ல நாலு கம்பெனி இருக்குது. சந்து நம்பரப் பாத்துப் போயிறலாமுங்க."

வீட்டு முகவரி என்று நினைத்தே மூன்றே முக்கால் மணி நேரம் பயணம் செய்திருக்கிறேன்.

"சொந்தக்காரங்களா?" என்று கேட்டார்.

"தோழி. பன்னிரண்டு நாளாக எந்தத் தகவலும் இல்லை."

அவர் கண்ணாடியில் என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு ஆட்டோவை வேகப்படுத்தினார்.

நல்லூரில் குடியிருப்பு எங்கே முடிகிறது, கம்பெனி எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. கோலம் போட்ட ஒரு வாசலுக்கு அடுத்த வாசலில் துணி பின்னும் நிட்டிங் மிஷின் ஓடுகிறது. நாங்கள் தேடிய கம்பெனி ஒரு மாடி வீட்டின் கீழ்த்தளம், பதினைந்து தையல் மிஷின். சூப்பர்வைசர் ஈஸ்வரி வெளியே வந்தார்.

"நாகமணிங்களா? அந்தப் புள்ள நின்னு பத்து நாளாச்சுங்களே."

எப்படி, ஏன், எங்கே என்று ஒரே மூச்சில் கேட்டேன்.

"ஒரு திங்கக்கெழம வந்துச்சுங்க, அதோட கத்திரிக்கோல எடுத்துக்கிச்சு, கையெடுத்துக் கும்புட்டுட்டுப் போயிருச்சுங்க. என்னன்னு அதுகிட்ட எப்பிடீங்க கேக்கறது? மூணு வருசம் இங்கதான் தெச்சுது. சாம்பிளக் காட்டுனா அச்சுல வார்த்த மாதிரி தெச்சுரும். அதுக்கு மேல நாங்க ஒண்ணுங் கேட்டதில்லீங்க."

"வீடு எங்கே என்று தெரியுமா?"

"இதே நல்லூருதானுங்க. எந்தத் தெருன்னு தெரியலீங்களே."

மூன்று வருடம் கூட வேலை செய்தவருக்கு வீடு தெரியவில்லை என்று எனக்குக் கோபம் வந்தது. அடுத்த நொடியே அடங்கிவிட்டது. இரண்டு வருடம் பழகிய எனக்கு மட்டும் தெரிந்ததா என்ன?

அப்போது கடைசி மிஷினிலிருந்து ஒரு பெண் எழுந்து வந்தார். பீகாரிலிருந்து வந்தவர், பெயர் ரிங்கி. "நாகமணி தீதீ?" என்று, அக்காவுக்கான இந்திச் சொல்லைச் சேர்த்துக் கேட்டு, கையால் ஏதோ காட்டினார். ஒல்லியான உருவம், நெற்றியில் பெரிய பொட்டு. நான் அவர் முகத்தைப் பார்த்ததில்லை, ஆனாலும் ஆமாம் என்றேன். தமிழும் இந்தியும் கலந்து அவர் சொன்னதில் எனக்குப் புரிந்தது இதுதான்: நாகமணி முதலிபாளையம் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனிக்குப் போயிருக்கிறார், பச்சை கேட், நன்றாக இருக்கிறார்.

"அச்சா இருக்கு. நல்லா இருக்கு," என்று இரண்டு தரம் சொன்னார். என் முகம் எப்படி இருந்ததோ.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"எனக்குத் தமிழ் இல்ல. தீதீக்குக் காது இல்ல. நாங்க ரெண்டு பேரும் ரொம்பப் பேசும்," என்றார், கையை ஆட்டிக்கொண்டே. ஈஸ்வரி முதல்முறையாகக் கேட்பதுபோல் அவரைத் திரும்பிப் பார்த்தார்.

நல்லூரிலிருந்து முதலிபாளையம் ஏழு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. சிவசாமி 180 ரூபாய் கேட்டார், பேரம் பேசவில்லை. (நகரப் பேருந்து உண்டு, பெண்களுக்குக் கட்டணமும் கிடையாது. ஆனால் எப்போது வரும் என்று நிறுத்தத்தில் நின்றவர்களுக்கே தெரியவில்லை.) 'நல்லா இருக்கு' என்று கேட்ட பிறகும் பதற்றம் குறையவில்லை, வேறு பக்கம் திரும்பிக்கொண்டது. நன்றாகத்தான் இருக்கிறார் என்றால், எனக்குப் பதில் போட வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறார். அவ்வளவுதானே?

பச்சை கேட்டை 11:55-க்கு அடைந்தோம். காவலாளி உள்ளே விடவில்லை. "லஞ்சு பன்னண்டரைக்குங்க. ஒரு மணி வரைக்கும் வெளிய வருவாங்க. அதுவரைக்கும் அக்கட்டால நெழல்ல நில்லுங்க." சிவசாமி தன் நம்பரைக் கொடுத்துவிட்டு, "பாத்துட்டுப் போன் பண்ணுங்கம்மிணி, ஆளு கெடைக்கலீன்னாலும் பண்ணுங்க," என்று சொல்லிக் கிளம்பினார். சோப்பு, சாயம், சூடான துணி எல்லாம் கலந்த ஒரு வாடை அந்தத் தெரு முழுக்க. என் நாக்கு ஒட்டிக்கொண்டது. தண்ணீர் பாட்டிலை ரயிலிலேயே விட்டிருந்தேன்.

பன்னிரண்டரைக்கு மணி அடித்தது. நூறு பேருக்கு மேல் ஒரே நேரத்தில் வெளியே வந்தார்கள். நான் பார்த்துப் பழகிய நாகமணி மஞ்சள் சட்டை போட்ட ஒரு பொம்மை. இந்தக் கூட்டத்தில் யாரென்று கண்டுபிடிப்பது? அப்போதுதான் சைக்கிள் நிறுத்தும் கொட்டகையைப் பார்த்தேன். ஏழு பேர் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு கையில் சோறு, இன்னொரு கையில் பேச்சு. விரல்கள் அப்படிப் பறந்தன. நாற்பது சைகை தெரிந்த எனக்கு ஒன்றுகூடப் பிடிபடவில்லை.

அவர்கள் முன்னால் போய் நின்று, மொட்டைமாடியில் எப்போதும் காட்டும் வணக்கத்தைக் காட்டினேன். அதில் நான் எப்போதும் ஒரு தவறு செய்வேன், கட்டைவிரல் உள்ளே மடங்கிவிடும். பெரிய பொட்டு வைத்த பெண் என் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், மறுபடி கையைப் பார்த்தார். டிபன் பாக்ஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

ரயிலில் பழகியதெல்லாம் மறந்துவிட்டது. எனக்கு அழுகைதான் வந்தது. அவர் கையைக் கழுவித் துடைத்துவிட்டுப் போனை எடுத்தார். காது போகும் முன்பே தமிழ் படிக்கத் தொடங்கியவர், எழுதுவது அப்படியே அவர் ஊர்ப் பேச்சு. போனை இருவரும் மாற்றி மாற்றித் தட்டினோம்.

"ஏனுங்க அக்கா, நெசமாவே வந்துட்டீங்களா?"

"பதில் வரவில்லை. பயந்துவிட்டேன்."

"எல்லாமே படிச்சேனுங்க. பதினேழு மெசேஜ். திட்டோணும்னு இருந்துச்சு. திட்டறதுக்கு மனசு வரலீங்க. அதான் சும்மா இருந்துட்டேன்."

"பக்கம் ஒன்பது என் தவறு. நான் யோசிக்கவே இல்லை. மன்னிச்சிடுங்க."

அவர் அதை இரண்டு முறை படித்தார். பிறகு வேகமாகத் தட்டினார். "மைக்கப் போட்டுப் பேரச் சொல்லுங்கன்னு இருந்துச்சுங்க. நான் சிரிச்சேன் அக்கா. அப்புறம் அழுதேன். மறுக்காவும் சிரிச்சேன். ரெண்டு வருசம் எங்கூடப் பேசுன ஆளுக்கு நான் யாருன்னே ஞாபகமில்லயேன்னு."

நான் விளக்கம் சொல்லத் தொடங்கவில்லை. அந்த நாளில் நான் சரியாகச் செய்த ஒரே காரியம் அதுதான் என்று இப்போது நினைக்கிறேன்.

"கோவம் இன்னும் இருக்குதுங்க. இல்லீன்னு சொன்னாப் பொய்யி. சோறு உண்டீங்களா?"

இல்லை என்றேன். அவருடைய பாக்ஸிலிருந்து பாதி எனக்கு வந்தது. வேலை மாறியதற்கும் அந்த மண்டபத்துக்கும் சம்பந்தம் இல்லையாம். இங்கே தையல் லைனில் இவரைப்போல ஆறு பேர் இருக்கிறார்கள் என்று தெரிந்து, இரண்டு மாதமாகக் கேட்டுக் கேட்டு இடம் வாங்கியிருக்கிறார். ஒரு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கடைசியாக ஒன்று தட்டினார்: "அஞ்சரைக்கு முடியும். ஊட்டுக்கு வாங்க. உங்களுக்கு ஒண்ணு காட்டோணும்."

என் திரும்பும் ரயில் மூன்று நாற்பதுக்கு. 'போய்விடு, மன்னிப்புக் கேட்டாயிற்று' என்று ஒரு குரல். அடுத்த நாலரை மணி நேரத்தை எங்கே கழிப்பது என்று இன்னொரு பதற்றம். தொழிற்பேட்டை முனையில் ஒரு பேக்கரி இருக்கிறது. மூன்று டீ, ஒரு தேங்காய் பன், 65 ரூபாய். கடைக்காரர் முதல் ஒரு மணி நேரம் சந்தேகமாகப் பார்த்தார், பிறகு ஃபேனை என் பக்கம் திருப்பினார். சிவசாமிக்குப் போன் செய்து ஆள் கிடைத்துவிட்டார் என்றேன். "அப்பாடி, நல்லதாப் போச்சுங்க," என்று அவர் விட்ட மூச்சு எனக்கே கேட்டது.

ஐந்து நாற்பதுக்கு நாகமணி ஸ்கூட்டரோடு வந்தார். பின்னால் உட்காரச் சொன்னார். வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன், லாரியும் பேருந்தும் ஹாரன் அடிக்கும் அந்தச் சாலையில் காது கேளாதவர் ஓட்டும் வண்டியில் ஏற எனக்குப் பயமாக இருந்தது. காங்கேயம் சாலை வரை இருக்கைக் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தேன். பிறகு கவனித்தேன்: அவர் கண் முன்னால் ஒரு முறை, வலது கண்ணாடி, இடது கண்ணாடி என்று ஓயாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. பின்னால் லாரி வருவதை ஹாரன் கேட்ட எனக்கு முன்பே பார்த்து ஒதுங்கினார். எங்கள் பக்கத்தில் போன ஒரு பைக்காரர்தான் தோளில் போனை இடுக்கிப் பேசிக்கொண்டு போனார்.

வீடு இரண்டு அறை, மாடியில். அவர் கணவர் கதிரேசன் சாயப்பட்டறையில் வேலை செய்கிறார், அன்று பகல் ஷிப்ட் முடிந்து வந்திருந்தார். காது கேட்பவர். தண்ணீர் கொடுத்தார், உட்காரச் சொன்னார். பிறகு நாகமணிக்கு உதடு தெரியும்படி அவர் பக்கம் திரும்பி நின்றுகொண்டு என்னிடம் சொன்னார்:

"நான் ஒண்ணு சொல்லீரறனுங்க, தப்பா எடுத்துக்காதீங்க. அன்னைக்கு இவ அந்தப் பொட்டியக் கழட்டி வெச்சுட்டு ரெண்டு நாள் தொடவே இல்லீங்க. போனஸ்ல ஆசையா வாங்குனது. வித்துப்போடலாம்னா. நான்தான் சித்த பொறுன்னேன். மறுக்காவும் அங்க கூட்டிட்டுப் போறதுக்குத்தான் வந்திருக்கீங்கன்னா, வேண்டாமுங்க."

"இல்லீங்க," என்றேன். கொங்குப் பேச்சு எனக்கும் ஒட்டிக்கொண்டது. "எதற்கு வந்தேன் என்று எனக்கே இப்போது சரியாகத் தெரியவில்லை."

நாகமணி அவரைக் கையால் அடக்கிவிட்டு, ஹெட்செட்டை எடுத்துத் துடைத்து என் தலையில் மாட்டினார்.

உள்ளே ஒரு பெரிய கூடம், நடுவில் வட்டமாக நாற்காலிகள், ஒன்பது பேர். பழைய தளமும் இல்லை, நான் கையேடு எழுதிய தளமும் இல்லை. மூன்றாவதாக ஒன்று, நான் கேள்விப்படாதது. சத்தமே இல்லை. ஹெட்செட் பழுது என்று நினைத்து வால்யூமைத் தேடினேன். அங்கே மைக் என்பதே கிடையாது என்று பிறகுதான் புரிந்தது. எல்லோர் கையிலும் பத்து விரலும் தெளிவாகத் தெரிந்தன, எல்லாம் பேசிக்கொண்டிருந்தன.

ஒரு நீல உருவம் என் பக்கம் வந்து ஏதோ கேட்டது. புரியவில்லை. மறுபடி கேட்டது. இன்னும் இருவர் எழுந்து வந்தார்கள். மூன்று பேர் என்னைச் சுற்றி நின்றதும் ஓரடி பின்னால் நகர்ந்தேன். எதையாவது செய்துவிட்டு வெளியேறிவிட வேண்டும் என்றிருந்தது. என் அறையில், என் கையேட்டை எழுதும்போது, புதிய இடத்துக்குப் போகிறவருக்கு இப்படிப் பயமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. நான் முதன்முதலில் பழைய தளத்துக்குப் போனபோது எனக்கு ஒரு பயமும் இருக்கவில்லை. அங்கே எல்லோரும் தமிழ் பேசினார்கள்.

அப்போது வெளியிலிருந்து இரண்டு கைகள் என் கைகளைப் பிடித்தன. நாகமணி. எனக்குச் சைகையைக் காட்டித்தர அவருக்கு வேறு வழியில்லை, நான் அவரைப் பார்க்க முடியாது, அவர் சொல்ல நான் கேட்கவும் முடியாது. என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து மடக்கி வைத்தார். நான்கு கை தெரிந்ததும் கேமரா குழம்பிப் போய்விட்டது. உள்ளே என் உருவத்தின் ஒரு கை உச்சந்தலைக்கும், இன்னொன்று முழங்காலுக்குக் கீழேயும் பறந்தன. எதிரே நின்ற மூன்று பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சத்தமில்லாத சிரிப்பு, ஆனால் அவர்கள் தோள்கள் குலுங்கியதைப் பார்த்து நானும் சிரித்துவிட்டேன். அன்று காலையிலிருந்து முதல்முறையாக.

நீல உருவம் கேட்டது என் பெயரை. நாகமணியின் தோழி, திருச்சி என்று எப்படியோ சொல்லி முடித்தேன். அவர்கள் வழக்கப்படி எனக்கு ஒரு சைகைப் பெயர் வைத்தார்கள்: மடங்கிய கட்டைவிரல். இருபது நிமிடம்தான் உள்ளே இருந்தேன். கழற்றியபோது பிடரி வலித்தது, கை விரல்கள் நாள் முழுக்கத் தைத்து ஓய்ந்தவை போல இருந்தன. அந்த நீல உருவம் அவர்கள் கம்பெனியில் சைக்கிள் கொட்டகையில் மதியம் என் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டவர்தான் என்று நாகமணி எழுதிக் காட்டினார். மண்டபத்திலிருந்து தள்ளப்பட்ட ஐந்தாம் நாள் அவர்கள்தான் இவரை இங்கே கூட்டி வந்திருக்கிறார்கள்.

"நான் அந்தப் பெரிய எடத்துக்கு வரமாட்டேனுங்க அக்கா," என்று தட்டினார். "நீங்க எல்லாரும் இங்க வருவீங்களா? நான் சொல்லித் தாரேன். பக்கம் பக்கமா எழுதமாட்டேன்."

இரவு நேரத்தில் எங்கே போகிறீர்கள், இருந்துவிட்டுக் காலையில் போகலாம் என்று கதிரேசன் விடவில்லை. ராகிக் களியும் கீரையும். காலை 6:20-க்குக் காங்கேயம் சாலையிலேயே கரூர் வழியாகப் போகும் திருச்சிப் பேருந்து கிடைத்தது. 165 ரூபாய், நாலே முக்கால் மணி நேரம். வெள்ளகோவில் வரை தூங்கினேன்.

ஞாயிறு மாலை பழைய மொட்டைமாடியில் கடைசிக் கூட்டம். நடந்ததை எல்லாம், 'பக்கம் 9 பாருங்க' என்று நான் அனுப்பியது உட்பட, பலகையில் ஓடும்படி நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். குழுவில் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர் இருக்கிறார், "பேச முடியாத இடத்தில் எனக்கென்ன வேலை?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அவருக்கு எழுபது வயது, பேசத்தான் வருகிறார். வாக்குவாதம் நடந்துகொண்டிருக்கும்போதே, ஏழு ஐம்பதுக்கு, மஞ்சள் சட்டை உருவம் கைப்பிடிச் சுவரோரம் வந்து நின்றது. வரமாட்டார் என்றுதான் நினைத்திருந்தேன். எல்லோரும் அவர் பக்கம் திரும்பினோம். நாகமணி கடைசிவரை இருந்தார். ஆசிரியர் அவர் எதிரே உட்கார்ந்து, தன் பெயரைச் சைகையில் எப்படிச் சொல்வது என்று மூன்று முறை கேட்டுக்கொண்டார். இருந்தும் ஆசிரியர் புதிய இடத்துக்கு வரவில்லை, இன்னொருவரும் வரவில்லை. எட்டுப் பேர் இப்போது ஒரு ஞாயிறு பெரிய தளத்திலும் மறு ஞாயிறு நாகமணியின் கூடத்திலும் கூடுகிறோம். பெரிய தளத்து ஞாயிறுகளில் நாகமணி வருவதில்லை. இது முழு வெற்றி என்று நான் சொல்லப் போவதில்லை.

போகிறவர்களுக்குச் சில. கூரியர் முகவரியை நம்பிக் கிளம்பாதீர்கள். திருப்பூரில் பாதிப் பேருக்குப் பார்சல் கம்பெனிக்குத்தான் வரும். வேலை நாளில் போனால் மதியம் பன்னிரண்டரை முதல் ஒரு மணி வரைதான் ஆளைப் பார்க்க முடியும், திரும்பும் டிக்கெட்டை முன்பதிவு செய்யாதீர்கள். எனக்கு ஆட்டோ, ரயில், பேருந்து, டீ எல்லாம் சேர்த்து 665 ரூபாய் ஆயிற்று, தவறவிட்ட ரயில் டிக்கெட் தனி. ஹெட்செட்டுக்குள் முகத்தில் படும் பகுதியைத் துடைக்க ஒரு துணி எடுத்துப் போங்கள், அடுத்தவர் வியர்வையில் நம் வியர்வை. முக்கியமாக, புதியவருக்கு வழிகாட்டும் முன், அவர் எதைக் கொண்டு பேசுகிறார் என்று பாருங்கள். குரலா, கையா, எழுத்தா? அது அந்த இடத்தில் வேலை செய்கிறதா என்று நீங்களே போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். அவரைத் தனியாக அனுப்பாதீர்கள்.

இன்னும் அந்தக் கூடத்தில் நடப்பதில் எனக்குப் பாதிதான் புரிகிறது. ஒவ்வொரு முறையும் ஹெட்செட்டை மாட்டும் முன் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது. எல்லோரும் சிரிக்கும்போது புரிந்த மாதிரி நானும் சிரித்துவிடத் தோன்றும். போன முறை அப்படிச் செய்யவில்லை. கையை உயர்த்தி, 'எனக்குப் புரியவில்லை, மறுபடி' என்று காட்டினேன். எல்லோரும் நிறுத்தினார்கள். நீல உருவம் எழுந்து என் எதிரே வந்து நின்று, அந்த நகைச்சுவையை முதலிலிருந்து, மிக மெதுவாக, ஒவ்வொரு விரலாகச் சொன்னது.